மடத்துக்குப் போன கல்யாண டிவிடி

சேலையூரில் கேம்ப் ரோட்டைவிட்டு உள்ளே போகும் ஒரு தெருவில், மாடி வீடு ஒன்றின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் பஷீராவை அந்தப் பக்கத்தில் எல்லாரும் 'சிடி அக்கா' என்றுதான் சொல்வார்கள். சிடி இல்லைங்க, டிவிடி என்று பதினைந்து வருஷமாக அவளும் திருத்திப் பார்த்துவிட்டாள். யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை. இப்போதெல்லாம் போனை எடுத்தால் அவளே "சிடி அக்காதான் பேசுறேன், சொல்லுங்க" என்கிறாள்.

கல்யாணம், வளைகாப்பு, சுன்னத், பள்ளி ஆண்டு விழா என்று வீட்டு விசேஷங்களை எடுத்த வீடியோவை, டிவியோடு சேர்த்து வைத்திருக்கிற பிளேயரில் போட்டால் ஓடும்படி டிவிடியாக்கிக் கொடுப்பது அவள் தொழில். கடை கிடையாது, போர்டு கிடையாது. ஹாலில் ஜன்னலோரமாக ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பழைய பிளேயர்கள், அவ்வளவுதான். கணவர் யாசீன் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். அவர் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் இவள் மேஜைக்கு வந்துவிடுவாள்.

இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டது ஒரு கோபம். அவளுடைய தங்கச்சி நிக்காஹ் பல்லாவரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெண்கள் பக்கத்து நிகழ்ச்சிகளைச் சொந்தக்காரப் பெண் ஒருத்தியே கேமராவில் எடுத்தாள். மருதாணி, பாட்டு, சின்னப் பிள்ளைகள் ஆட்டம், அதைப் பார்த்துப் பெரியவர்களும் கொஞ்சம் ஆடியது என்று எல்லாம் அதில் இருந்தது. அதை டிவிடியாக்கித் தரச் சொல்லித் தாம்பரத்தில் ஒரு கடையில் கொடுத்தார்கள். வாங்கப் போன பஷீராவிடம் கடைக்காரர் வெகு சாதாரணமாகச் சொன்னார்: "சூப்பர் ஃபங்ஷன்மா. பச்சை டிரஸ் போட்டவங்க என்னமா ஆடுறாங்க!"

பச்சை டிரஸ் போட்டது பஷீராதான்.

டிவிடியை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் போட்டால் அது ஓடவும் இல்லை. "நோ டிஸ்க்" என்று திரையில் வந்து நின்றது. அன்றைக்கே யாசீனிடம் சொன்னாள்: "எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுங்க. இதை நானே கத்துக்கிறேன். நம்ம பொம்பளைங்க வீடியோவை இனிமே எவனும் உட்கார்ந்து பார்க்கக் கூடாது."

யாசீன் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். மறுமாசம் கம்ப்யூட்டர் வந்தது. அவர் அப்படிப்பட்ட ஆள்தான். பேச்சு குறைவு, பொருள் வந்து சேரும்.

கற்றுக்கொள்ள அவளுக்கு எட்டு மாசமானது. கம்ப்யூட்டரில் ஓடுகிற ஃபைலை அப்படியே காப்பி செய்தால் பழைய பிளேயருக்கு அது என்னவென்றே புரியாது. அதற்குத் தெரிந்த வடிவத்துக்கு மாற்றி, அது தேடுகிற மாதிரி அடுக்கி, அவசரப்படாமல் குறைந்த வேகத்தில் எழுதி, கடைசியில் மூடி முடித்துக் கொடுத்தால்தான் அது வாய் திறக்கும். இதையெல்லாம் அவள் ஒவ்வொரு டிவிடியாகப் பாழாக்கித்தான் தெரிந்துகொண்டாள். பாழானவற்றை ஒரு கயிற்றில் கோத்து, புறாவை விரட்ட மொட்டை மாடியில் கட்டினார் யாசீன். புறா எதுவும் பயந்ததாகத் தெரியவில்லை.

அவள் கைக்கு வேலை ஓயாமல் வந்தது. பொழிச்சலூர், பம்மல், குரோம்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்தார்கள். பென்டிரைவ் வந்தது, வாட்ஸ்அப் வந்தது, ஆனால் பெண்கள் பக்கத்து வீடியோ மட்டும் பஷீராவிடம்தான். போனில் போட்டால் யார் யார் கைக்குப் போகுமோ. டிவிடி என்றால் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடலாம். அவளிடம் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. கொடுத்தவர்களைக் கேட்காமல் எதையும் சேர்க்க மாட்டாள், எடுக்க மாட்டாள், பார்த்ததை வெளியே பேசவும் மாட்டாள். வேலை முடிந்ததும் மூன்று பிளேயர்களிலும் போட்டுப் பார்ப்பாள். அதில் ஒன்றுக்கு மாமியார் என்று பெயர். லேசான கீறல் இருந்தாலும் துப்பிவிடும். மாமியார் ஏற்றுக்கொண்டால்தான் டிவிடி வீட்டு வாசலைத் தாண்டும்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலையில் அமலராணி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். பக்கத்துத் தெரு. பஷீராவின் மகள் ஃபாயிசா படித்த பள்ளியில் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். கையில் தங்க எழுத்துப் போட்ட டிவிடி உறை. 'ஷெர்வின் வெட்ஸ் சுஜி'. ஷெர்வின் அவளுடைய மகன். கல்யாணம் முடிந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது.

"பஷீரா, இது உங்கிட்ட ஓடுதான்னு கொஞ்சம் பாரேன்."

பஷீரா கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். "அக்கா, இது கம்ப்யூட்டர்ல ஓடும். பிளேயர்ல ஓடாது. ஸ்டூடியோக்காரங்க ஃபைலை அப்படியே காப்பி பண்ணிக் கொடுத்துட்டாங்க. நீங்க டிவியில பென்டிரைவ் போட்டே பார்க்கலாமே?"

"நாங்க பார்த்துட்டோம்மா. இது எங்களுக்கு இல்ல."

"அப்புறம் யாருக்கு?"

அமலராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஜெனிக்கு."

ஜெனி அவளுடைய மகள், ஷெர்வினுக்கு மூத்தவள். பி.காம் படித்து, ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். இருபத்துமூன்றாவது வயதில் செங்கல்பட்டு தாண்டி இருக்கிற ஒரு மடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ நடத்துகிற கன்னியர் இல்லை இவர்கள். அடைப்பு மடம். உள்ளே போனவர்கள் வெளியே வர மாட்டார்கள். ஜெபம், தையல், கோயில் பூசையில் கொடுக்கிற ஓஸ்தி என்ற மாவு அப்பத்தைச் செய்து அனுப்புவது, தோட்டம். வருஷத்துக்கு நாலு தரம் வீட்டார் போய், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். தம்பி கல்யாணமானாலும் வர முடியாது. யாருக்கும் செல்போன் இல்லை. ஆபீஸில் ஒரு லேண்ட்லைன், பொது அறையில் ஒரு டிவி, யாரோ எப்போதோ கொடுத்த ஒரு பிளேயர். பண்டிகை நாளில் மடத்துத் தலைவியான மதர் அனுமதித்தால் ஏதாவது போட்டுப் பார்ப்பார்கள்.

"இதை அங்க கொண்டுபோய்க் கொடுத்தேன். பன்னெண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்களாம்" என்றாள் அமலராணி. "மூணு தடவை எடுத்து எடுத்துப் போட்டாங்களாம். நோ டிஸ்க், நோ டிஸ்க்னே வந்துச்சாம். சரி விடுங்க, நாம ஒரு பாட்டுப் பாடலாம்னு மதர் சொல்லிட்டாங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா அவ. எனக்குத்தான் மனசு ஆறல."

"வெச்சிட்டுப் போங்கக்கா" என்றாள் பஷீரா.

அமலராணி போனதும் ஸ்டூடியோ கொடுத்த படத்தை முழுசாகப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிஷம். பாதி நேரம் கேமரா மேலே பறந்துகொண்டிருந்தது. மீதி நேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் மெதுவாக நடந்துகொண்டே இருந்தார்கள். பாட்டைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஆறு வருஷமாக வீட்டைப் பார்க்காத பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஷெர்வினுக்குப் போன் போட்டு, வெட்டாமல் எடுத்தது எல்லாம் வேண்டுமென்று கேட்டாள். அவன் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். ஏழு மணி நேரம்.

அரிசி களைந்துகொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும் நாலு நாளில் அந்த ஏழு மணி நேரத்தையும் பார்த்து முடித்தாள். கோயில் வாசலில் சித்திமார்கள் பூ வைப்பதற்குச் சண்டை போட்டது, பாடகர் குழுவில் ஒருவர் தும்மியது, ஷெர்வின் மோதிரத்தைத் தப்பான விரலில் போடப் பார்த்தது. எல்லாம் இருந்தன. நாலாம் நாள், சாப்பாட்டுக் கூடத்தில் எடுத்த பகுதியில், அமலராணியின் கணவர் சத்தியநாதன் வந்தார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாரிடமும் நின்று பேசாதவர். மகள் மடத்துக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அங்கே போனதில்லை. இது சேலையூரில் எல்லாருக்கும் தெரியும்.

கேமராக்காரர் கேட்கிறார்: "சார், பொண்ணு மாப்பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை."

"நல்லா இருக்கட்டும்."

"இன்னும் கொஞ்சம் சார்."

சத்தியநாதன் கூடத்தைச் சுற்றிப் பார்க்கிறார். பிறகு கேமராவைப் பார்க்காமல் சொல்கிறார்: "எல்லாரும் வந்துட்டாங்க. என் பொண்ணுதான் வரல. வந்திருந்தா அந்தப் பையன் கையில இருக்கிற ரைத்தா வாளியைப் பிடுங்கி அவளே பரிமாறியிருப்பா. சும்மா உட்காரத் தெரியாது அவளுக்கு." கொஞ்சம் நிறுத்துகிறார். "இதைக் கட் பண்ணிடுங்க தம்பி."

பஷீரா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். அந்த இடத்தைத் திரும்ப ஒரு தரம் போட்டுப் பார்த்தாள். கண் எரிந்ததற்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை.

ஆனாலும் அவர் கட் பண்ணச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னதைச் சேர்ப்பது அவள் வழக்கமில்லை. மற்றதையெல்லாம் கோத்து ஐம்பது நிமிஷத்துக்குப் படமாக்கினாள். படம் தெளிவாக இருக்கட்டும் என்று தரத்தைக் கொஞ்சம் தூக்கியே வைத்தாள். மாமியார் உட்பட மூன்று பிளேயரிலும் ஓடியது. அமலராணி அதைக் கொண்டுபோய் மடத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அமலராணியின் போனுக்கு மடத்து லேண்ட்லைனிலிருந்து அழைப்பு. பன்னிரண்டாவது நிமிஷத்தில், சுஜி கார் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைக்கும்போது படம் நின்றுவிட்டதாம். திரும்பப் போட்டாலும் அதே இடம், அதே கால்.

"ஜெனி இன்னொண்ணும் சொல்லச் சொன்னாளாம்" என்றாள் அமலராணி, பஷீராவின் ஹாலில் நின்றுகொண்டு. "பார்த்த வரைக்கும் அப்பாவை எங்கேயும் காணோமே, கல்யாணத்துக்கு வந்தாரான்னு கேட்டாளாம்."

பஷீராவுக்கு முகம் சுண்டிப்போனது. பதினைந்து வருஷத்தில் அவள் கொடுத்த டிவிடி எதுவும் இப்படி நடுவழியில் நின்றதில்லை. ஆனால் அந்த இரண்டாவது விஷயம்தான் அவளை அதிகமாகக் குடைந்தது. அன்று சாயங்காலமே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அமலராணி வீட்டுக்குப் போனாள்.

சத்தியநாதன் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"சார், ஒண்ணு காட்டணும். நீங்க கட் பண்ணச் சொன்ன இடம். ஸ்டூடியோவுல கட் பண்ணிட்டாங்க. ஆனா ஒரிஜினல்ல நான் பார்த்துட்டேன். பார்த்தது தப்புன்னா மன்னிச்சிடுங்க."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் ஓடவிட்டாள். அமலராணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். இதை அவளும் அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"என் முடி பின்னாடி இப்படியா தூக்கிக்கிட்டு இருந்துச்சு?" என்றார் சத்தியநாதன்.

"இதைச் சேர்க்கலாமா சார்? உங்க இஷ்டம்தான். வேணாம்னா இப்பவே அழிச்சிடுறேன்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். "சேர்க்கலாம். ஆனா இது வேணாம். நான் ஒழுங்கா ஒண்ணு சொல்றேன். எடுத்துக்குங்க."

நல்ல சட்டை மாற்றி, தலை வாரி, மாதா படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பஷீரா போனைப் பிடித்தாள்.

"அன்புள்ள மகள் ஜெனிக்கு, அப்பா எழுதிக்கொள்வது... இல்ல. மறுபடி. அன்புள்ள ஜெனிக்கு. இங்கே அனைவரும் நலம். தங்கள் நலமறிய..."

சமையலறை வாசலில் கரண்டி குலுங்கியது. அமலராணி வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ உள்ள போ" என்றார் சத்தியநாதன். மூன்றாம் தரம் "ஜெனி" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் வரவில்லை. கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையை வீசினார். "பழசே இருக்கட்டும்மா. முடி எப்படி இருந்தா என்ன. கட் பண்ணச் சொன்னேன் பாருங்க, அதையும் சேர்த்தே போடுங்க. நடந்தது நடந்தபடி இருக்கட்டும்."

அவள் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "இந்தத் தடவை ஓடுமா? நின்னுடாதே?"

ஓடும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. அந்தப் பிளேயரை அவள் பார்த்ததே இல்லை. "நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன் சார்" என்றாள்.

மதரிடம் போனில் கேட்டதற்கு, சனிக்கிழமை காலை வரலாம் என்று சொல்லிவிட்டார். யாசீன் தன் கம்பெனியில் தூசி ஊதப் பயன்படுத்துகிற ரப்பர் பல்பு ஒன்றைக் கொண்டுவந்து அவள் பையில் வைத்தார். "லென்ஸ் துடைக்க பட்ஸ் எடுத்துக்கிட்டியா? சின்ன ஸ்க்ரூ டிரைவர்?" என்றார். எல்லாம் எடுத்தாயிற்று. லேப்டாப், டிவிடி எழுதத் தனியாக மாட்டுகிற ரைட்டர், இரண்டு வகை வெற்று டிவிடி. படத்தையும் இரண்டு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்று பழைய தரத்தில், ஒன்று குறைத்து, பிளேயருக்கு மூச்சு வாங்காதபடி.

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினார்கள். கறுப்பு புர்காவில் பஷீரா, மடியில் பையை அணைத்தபடி. பக்கத்தில் அமலராணி, முறுக்கு டப்பாவோடு. வண்டலூர் தாண்டியதும் பஷீரா கேட்டாள்: "ஜெனி மடத்துக்குப் போனப்ப உங்களுக்குக் கோபம் வரலையாக்கா?"

"ஆறு மாசம் அழுதேன். முதல் தடவை பார்க்கப் போனப்ப, எப்படியாவது கூட்டிக்கிட்டு வந்துடணும்னுதான் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னா. நல்லா சதை போட்டிருந்தா பஷீரா. வீட்டுல எதைப் போட்டாலும் பாதியை ஒதுக்கி வைக்கிற பொண்ணு. சரி, இவ சந்தோஷமாத்தான் இருக்கான்னு வாயை மூடிக்கிட்டேன்."

மடத்துப் பார்வையாளர் அறை சின்னது. இரண்டு பெஞ்சு, ஒரு சிலுவை, கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் திரை. சுவரில் பீப்பாய் மாதிரி ஒரு மரப்பெட்டி பொருத்தியிருந்தது. இந்தப் பக்கம் பொருளை வைத்துச் சுற்றினால் அந்தப் பக்கம் போகும். ஆளுக்கு ஆள் பார்க்காமலே கொடுத்து வாங்கலாம். மணியடித்ததும் உள்ளிருந்து ஒரு குரல்: "வாங்க. பிளேயர் வருது, பிடிச்சுக்குங்க." பெட்டி கிறீச்சென்று சுழன்றது. குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி டவலில் சுற்றி ஒரு பிளேயர் வந்து நின்றது.

பஷீரா டவலை விலக்கிப் பார்த்தாள். அவள் மாமியாரைவிட மூத்தது. முகப்பில் பச்சை எண்கள் தெரிகிற சின்னக் கண்ணாடி. பெஞ்சில் வைத்து மூடியைக் கழற்றினாள். லென்ஸ்மேல் மாவு பூசினதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"சிஸ்டர், இதை எங்க வெச்சிருக்கீங்க?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"டிவிக்குப் பக்கத்துலதான். ஓஸ்தி செய்யிற அறைக்கு அடுத்தது."

மாவு பூசினதுபோல் இல்லை, மாவேதான். பஷீராவுக்குச் சிரிப்பு வந்தது. ரப்பர் பல்பால் ஊதி, பட்ஸால் பதமாகத் துடைத்தாள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய டிவிடிகளை வகைக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். அவள் வழக்கமாகப் பயன்படுத்துகிற வகையை அது தடவித் தடவித்தான் படித்தது. இன்னொரு வகையைப் போட்டதும் சட்டென்று பிடித்துக்கொண்டது. சரி, உனக்கு இதுதான் பிடிக்குமா என்று அதனிடமே சொல்லிக்கொண்டு, லேப்டாப்பை மாட்டி, அந்த வகையில், தரம் குறைத்த படத்தை, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் எழுத ஆரம்பித்தாள்.

கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பக்கத்துக் குரல் ஒரு தரம் "ஆச்சுங்களா?" என்றது. அடுத்து வேறு ஒரு குரல். திரைக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் நிற்கிறார்கள் என்று தெரிந்தது.

எழுதி முடித்ததைப் போட்டார்கள். அங்கே டிவி இல்லை. முகப்பில் ஓடுகிற எண்களை மட்டும்தான் பார்க்க முடியும். இரண்டு பெண்களும் பெஞ்சின் முன்னால் குனிந்து அந்தப் பச்சை எண்களையே பார்த்தார்கள். பத்து நிமிஷம். பதினொன்று. பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு பத்து. அமலராணி கண்ணை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு நாற்பது. பதின்மூன்று.

"கண்ணத் திறங்கக்கா. பொண்ணு கார்ல இருந்து இறங்கியாச்சு."

பிளேயர் திரும்ப டவலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ பேண்டு வாத்தியம் முழங்கியது. நாற்காலிகள் இழுபட்டன. ஷெர்வின் மோதிரத்தைத் தப்பான விரலில் போடப் பார்த்த இடத்தில் பன்னிரண்டு பேர் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. அதற்கு முன்னாலேயே யாரோ "இறங்கிட்டா, இறங்கிட்டா!" என்று கை தட்டியிருந்தார்கள். அமலராணி முறுக்கு டப்பாவைத் திறக்கவும் மறந்து அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சத்தியநாதனின் குரல் வந்தது. சுவர் வழியாக வார்த்தை தெளிவாகக் கேட்கவில்லை. குரல் மட்டும்தான். உள்ளே சத்தம் சுத்தமாக அடங்கியது. அவர் நிறுத்திய இடமும் தெரிந்தது. கட் பண்ணிடுங்க தம்பி என்று அவர் சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில், ஒரு சிரிப்பு. ஒரே ஒருத்தியின் சிரிப்பு, உரக்க, அடக்க முடியாமல்.

அமலராணி பஷீராவின் கையைப் பிடித்தாள். "அவதான்."

படம் முடிந்ததும் மதர் அரைமணி நேரம் பேசிக்கொள்ள அனுமதி கொடுத்தார். திரை விலகியது. முக்காடு போட்ட வட்ட முகம், அழுது சிவந்த கண், சிரிப்பு இன்னும் போகாத வாய்.

"நீங்கதான் பஷீராக்காவா? அப்பா கட் பண்ணச் சொல்றாரே, அப்புறம் எப்படி வந்துச்சு?"

"அவரே போடச் சொன்னார். கட் பண்ணச் சொன்னதையும் சேர்த்துப் போடச் சொன்னார்."

ஜெனி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இளைச்சிட்டார்மா" என்றாள் அம்மாவிடம். பிறகு பஷீராவிடம் திரும்பினாள். "அவர்கிட்ட சொல்லுங்க, ரைத்தா வாளி இல்ல. நான் பிரியாணிச் சட்டியைத்தான் பிடுங்கியிருப்பேன்."

அன்று மாலை இரண்டு பேரும் தெரு முனையில் திரும்பும்போதே சத்தியநாதன் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சு சார்."

"என் இடம் வந்தப்ப என்ன பண்ணினா?"

"சிரிச்சாங்க."

"எந்த வார்த்தைக்கு?"

பஷீரா முதலிலிருந்து சொன்னாள். மாவு, பச்சை எண்கள், சுவருக்குப் பின்னால் கேட்ட பேண்டு, சிரிப்பு. சிரிப்பு வந்த இடத்தை அவர் திரும்ப ஒரு தரம் சொல்லச் சொன்னார். பிரியாணிச் சட்டி என்றதும் "ஆமா, அதைத்தான் பிடுங்குவா, எனக்குத்தான் அப்ப தோணல" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

அதற்கடுத்த பார்வை நாளில் அவரும் போனார். யாரும் கூப்பிடவில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் அமலராணியிடம் கேட்டாராம். திரும்பி வந்து பஷீராவிடம் சொன்னதெல்லாம், அந்த பெஞ்சுக்கு முதுகுச் சாய்மானம் இல்லை, வயசானவங்க வருகிற இடத்தில் அது வேண்டாமா என்பதுதான். ஆனால் வருஷத்துக்கு நாலு தரம் என்பதில் ஒன்றைக்கூட அவர் இப்போது விடுவதில்லை.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்த்த படம் பதினோரு பேருக்கு அடுத்த வீட்டுக் கல்யாணம். ஒருவர் ஒருவராக மதரிடம் போய், தங்கள் வீட்டுப் படமும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மதர் பஷீராவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மற்ற வீட்டாரும் படம் அனுப்பினால், பண்டிகைக்கு ஒன்றாகப் போட்டுத் தர முடியுமா? அதிலிருந்து பஷீராவின் போனுக்கு எங்கெங்கிருந்தோ வீடியோ வருகிறது. ஒரு சிஸ்டரின் அண்ணன் புதுப் படகைக் கடலில் இறக்கியது, இன்னொருவருடைய அக்கா மகள் முதல் தரம் நடந்தது, ஒரு வீட்டில் மாடு கன்று போட்டது. கன்று போட்டதை மட்டும் முழுசாகப் பதினெட்டு நிமிஷம் எடுத்திருந்தார்கள். கேட்டுக்கொண்டுதான் பஷீரா அதில் கொஞ்சம் குறைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை மடத்துச் சமையலைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டரின் அம்மா, வீட்டுக்குப் புதுசாக மேல்தளம் போட்டதை எடுத்து அனுப்பியிருந்தார். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்ததில் வீடு குறுகலாக, டிவியில் ஒரு பட்டையாகத்தான் தெரியும்போல் இருந்தது. பஷீரா அவருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நல்லா எடுத்திருக்கீங்க. இன்னொரு தடவை மட்டும் எடுத்து அனுப்புங்க. இந்தத் தடவை படுக்க வெச்சு எடுங்கம்மா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம் வந்தது.

"நான் படுத்துக்கிட்டா தளம் வரைக்கும் தெரியுமாம்மா?"

பஷீரா சிரித்து முடித்து, படுக்க வேண்டியது போன்தான், அதை எப்படிப் பிடிப்பது என்று விளக்கிச் சொல்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.